ஆகாயத்தில் 99, தரையில் 140! மீனம்பாக்கமா, ரேணிகுண்டாவா? கும்மிடிப்பூண்டிக்காரர் போடும் விமானக் கணக்கு

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் திருப்பதி ரேணிகுண்டா விமான நிலையத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்?

ஆகாய மார்க்கமாக நூல் பிடித்தால் 99 கி.மீ.தான்! மைல் கணக்கிலேயே பேசிப் பழகிய பெரியவர்களுக்கு 61 மைல் சொச்சம். அதே இரண்டு இடத்துக்கும் நடுவே காரில் போனால், எந்த வழியில் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்து 130 முதல் 145 கி.மீ. வரை ஆகிவிடும். மூன்று மணி நேரம் போதும் என்று கிளம்பலாம். வழியில் ஒரு லெவல் கிராசிங், ஒரு டோல்கேட் வரிசை, ஒரு டீ என்றால் மூன்றரை.

ஜெட் விமானத்துக்கு 99 கி.மீ. ஒரு தூரமே இல்லை. நடு வானில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகிற விமானம் எட்டே நிமிஷத்தில் கடந்துவிட வேண்டும். கடக்குமா? கடக்காது! அது ஏன் என்பதுதான் வேடிக்கை. அந்த வேடிக்கைக்குள்ளே திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டார ஜனங்களின் கைக்காசும் தூக்கமும் சிக்கிக் கிடக்கின்றன.

மண்டைக்கு மேலே கோடு

வரைபடத்தை விரித்து மீனம்பாக்கத்தில் ஒரு குண்டூசி, ரேணிகுண்டாவில் ஒரு குண்டூசி குத்துங்கள். நடுவே நூல் கட்டுங்கள். நூல் பூந்தமல்லி பக்கமாகக் கிளம்பி, ஏறக்குறைய பட்டாபிராம் தலைக்கு மேலே போகும். பிறகு திருவள்ளூருக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவில் நுழையும். பிச்சாட்டூர் பக்கமாகப் போய், மலையைத் தாண்டி ரேணிகுண்டாவில் இறங்கும். பாதிக்கும் மேற்பட்ட வழி நம்ம திருவள்ளூர் மாவட்டமும் அதன் எல்லையும்தான்!

திருவள்ளூர் ஊரில் இருந்து இந்தக் கோடு பத்து கி.மீ.க்குள்தான் போகிறது. ஆகாயக் கணக்கில் திருவள்ளூருக்கு மீனம்பாக்கம் 34 கி.மீ., ரேணிகுண்டா 67 கி.மீ.

இப்போது யோசித்துப் பாருங்கள். திருவள்ளூர் தேரடியில் இருக்கிற ஒருவர் திருப்பதிக்கு விமானத்தில்தான் போவேன் என்று அடம் பிடித்தால், முதலில் பின்பக்கமாக மீனம்பாக்கம் வரைக்கும் போக வேண்டும். அங்கே பெட்டியைக் கொடுத்து, சோதனை முடித்து, ஏறி உட்கார்ந்து, தன் வீட்டு மொட்டை மாடிக்குப் பக்கத்திலேயே பறந்து போக வேண்டும்! அந்த நேரத்துக்குள் திருவள்ளூர் ஸ்டேஷனில் திருப்பதி ரயிலைப் பிடித்த பக்கத்து வீட்டுக்காரர் மலை ஏற பஸ் டிக்கெட் வாங்கிக் கொண்டிருப்பார்.

எட்டு நிமிஷம் எங்கே போச்சு?

விமானம் பஸ் மாதிரி கிளம்பியதும் ஊரைப் பார்த்துத் திரும்பிவிடாது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை, 3,600 மீட்டருக்கு மேல் நீளம் உள்ளது, ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காற்று எதிரே வருகிற பக்கம் பார்த்துத்தான் விமானம் எழும்பும். கடல் பக்கம் பார்த்து எழும்பினால் திருப்பதி முதுகுக்குப் பின்னால்! உயரம் பிடித்து, வட்டம் போட்டு, கட்டுப்பாட்டு அறை சொல்கிற பாதையில் போய்ச் சேர வேண்டும்.

ரேணிகுண்டாவிலும் இதே கதைதான். அங்கேயும் ஓடுபாதை கிழக்கு மேற்கு. வடமேற்கே ஏழுமலை சுவர் மாதிரி நிற்கிறது. நினைத்த பக்கத்தில் இருந்து நுழைய முடியாது. ஓடுபாதைக்கு நேராக வரிசை பிடித்துத்தான் இறங்க வேண்டும். இரண்டு பக்கத்து வளைவையும் கூட்டினால் 99 கி.மீ. என்பது காகிதத்தில் மட்டும்தான் 99.

ஏறுவதற்குள் இறங்க வேண்டிய தூரம் இது. வேகம் பிடிக்கவே இடமில்லை. சின்ன விமானம் என்றாலும் சக்கரம் தரையை விட்டு மறுபடி தரையைத் தொட இருபது, இருபத்தைந்து நிமிஷம் வேண்டும். அதற்கு முன்னால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகிற நேரம். அதற்கும் முன்னால் ஒரு மணி நேரம் நிலையத்தில் காத்திருப்பு. இறங்கிய பிறகு பெட்டி வரும் வரை இன்னொரு நிற்பு. எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேலே! காருக்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம்தான்.

பெங்களூரையே பாருங்கள். மீனம்பாக்கத்தில் இருந்து கெம்பேகவுடா விமான நிலையம் ஆகாயத்தில் சுமார் 270 கி.மீ. அதற்கே கால அட்டவணையில் ஒரு மணி நேரம் போடுகிறார்கள். தூரம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் நேரமும் மூன்றில் ஒன்றாகக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. கிளம்புகிற சடங்கும் இறங்குகிற சடங்கும் எந்தத் தூரத்துக்கும் ஒன்றேதான்.

உலகத்திலேயே குட்டையான விமானப் பயணம் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. வெஸ்ட்ரே தீவில் இருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு வெறும் 2.7 கி.மீ.! இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. 1967 முதல் ஓடுகிறது. நடுவில் கடல், பாலம் கிடையாது. அதனால் ஓடுகிறது. நமக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் கடலா இருக்கிறது? ரோடு இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது, சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் வழியாக ரயில் இறக்கிவிடுகிறது.

ரோடு ஏன் சுற்றுகிறது?

நகரி, நாகலாபுரம் மலைகள் குறுக்கே படுத்திருக்கின்றன. திருத்தணி வழியாகப் போனால் மலையின் மேற்கே சுற்ற வேண்டும். திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா என்று போகும் பாதை அது. ஊத்துக்கோட்டை வழி கொஞ்சம் குறைச்சல். ஆனால் ஊர்களுக்கு நடுவே நெளிந்து போகும்.

ரோடு மட்டுமா சுற்றுகிறது? கண்டலேறு அணையில் இருந்து கிருஷ்ணா தண்ணீர் 152 கி.மீ. கால்வாயில் வளைந்து வளைந்து வந்துதான் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டைத் தொடுகிறது. அங்கிருந்து பூண்டிக்கு இன்னும் 25 கி.மீ. 1996ல் முதல் தண்ணீர் வந்தபோது ஜனங்கள் பூப்போட்டு வரவேற்றார்கள். தண்ணீருக்கே நேர் வழி கிடைக்காத பூமியில் டாக்சிக்கு எங்கே கிடைக்கும்?

நேர் வழியில் போகிற ஒரே ஆசாமி பக்கத்தில்தான் இருக்கிறார். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்! 1979 முதல் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் மொட்டை மாடிகளில் நின்று ஜனங்கள் பார்த்து வருகிற காட்சி அது. அதே 100 கி.மீ. உயரத்தை ராக்கெட் சுமார் மூன்று நிமிஷத்தில் எட்டிவிடுகிறது. ராக்கெட் கிளம்பும் நாளில் அந்தப் பக்கத்து ஆகாயத்தை மூடிவிட்டு விமானங்களை வேறு வழியில் திருப்புவார்கள். அன்றைக்கு ஆகாயத்திலும் சுற்று வழிதான்.

கும்மிடிப்பூண்டி கணக்கே வேறு

இனி விஷயத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள், வார்ப்படக் கம்பெனிகள், ரசாயனக் கம்பெனிகள் என்று நெருக்கி நிற்கின்றன. எல்லையைத் தாண்டினால் தடா பக்கம் ஸ்ரீசிட்டி. மானேஜர்கள் பறக்கிறார்கள். மெஷின் ரிப்பேருக்கு ஆள் பறந்து வருகிறார். வளைகுடாவுக்குப் போகிற பையன்கள் பறக்கிறார்கள். வடக்கே இருந்து வந்த தொழிலாளிகூட, ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார் என்றால் கடன் வாங்கி விமானத்தில்தான் ஏறுகிறார்.

இவர்களுக்கு எது பக்கம்?

ஆகாயக் கணக்கில் கும்மிடிப்பூண்டிக்கு மீனம்பாக்கம் 46, 47 கி.மீ. ரேணிகுண்டா 66 கி.மீ. தரைக் கணக்கில் மீனம்பாக்கம் சுமார் 65 கி.மீ. தடா, காளஹஸ்தி வழியாக ரேணிகுண்டா சுமார் 90 கி.மீ. மீனம்பாக்கம்தான் பக்கம், இதில் என்ன சந்தேகம் என்பீர்கள்.

கி.மீ. கணக்கில் சந்தேகமில்லை. கடிகாரக் கணக்கில்தான் சந்தேகம்!

மீனம்பாக்கம் போகிறவர் நல்லூர் டோல்கேட், காரனோடை, பாடியநல்லூர், செங்குன்றம் என்று ஒவ்வொரு ஊருக்கும் கப்பம் கட்டிக்கொண்டு வர வேண்டும். புழல் தாண்டினால் ரெட்டேரி, பாடி, கோயம்பேடு, கத்திப்பாரா. பைபாசைப் பிடித்தால் சிக்னல் குறையும், சுற்று கூடும். காலை ஒன்பது மணிக்கு 65 கி.மீ. போக இரண்டு மணி நேரம் சர்வசாதாரணம். மழை பெய்தால் அதற்கு மேல் சொல்ல ஆளில்லை. அந்தப் பக்கம் காளஹஸ்தி ரோட்டில் 90 கி.மீ.யும் இரண்டு மணி நேரம்தான். மாடு குறுக்கே வந்தால் உண்டு, கத்திப்பாரா குறுக்கே வராது.

இதனால் ஐதராபாத் போகிறவருக்கு ரேணிகுண்டா ஒன்றும் மோசமில்லை. அங்கிருந்து ஐதராபாத் ஆகாயத்தில் சுமார் 415 கி.மீ. மீனம்பாக்கத்தில் இருந்து 500 கி.மீ.க்கு மேலே. ரேணிகுண்டாவில் புது முனையத்தை 2015 அக்டோபர் 22ந் தேதி பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். கூட்டம் குறைவு, வாசலில் இறங்கி உள்ளே போக நேரம் பிடிக்காது. ஆனால் விமானங்களின் எண்ணிக்கையும் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகு நேரம் குந்தியிருக்க வேண்டும். டாக்சி என்றால் ஆந்திர எல்லையில் பர்மிட் செலவு வேறு.

எல்லை என்றதும் ஒரு பழைய கதை. 1953 அக்டோபர் 1ந் தேதி ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. போராடினார். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1ந் தேதி திருத்தணி திரும்பி வந்தது. திருப்பதி வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு 90 கி.மீ. தூரத்து விமான நிலையம் வெளி மாநிலம்!

மாமாவும் மருமகனும்

துபாய் போகிற பையன் கதையே தனி. கவரைப்பேட்டையில் அப்படி ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

"ரேணிகுண்டா கிட்டதானே மாமா? அங்கயே ஏறிக்கலாமா?" என்று கேட்பான்.

"டேய், கிட்ட இருக்குன்னு எந்த பஸ்லயும் ஏறிடுவியா? துபாய் பிளேன் எங்க நிக்குதோ அங்கதான் போவணும்" என்பார் மாமா.

மாமா சொல்வது சரி. வெளிநாட்டு விமானம் என்றால் இந்த வட்டாரத்துக்கு மீனம்பாக்கம்தான். விடியற்காலை நாலு மணிக்கு விமானம் என்றால் ஒரு மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். வீட்டில் பத்தரை, பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டும். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஜனம். பெரும்பாலும் தூரத்தைவிட வேன் வாடகைதான் பையனின் அப்பாவைக் கலக்குகிறது.

பகல் விமானமாக இருந்தால் ஒரு சுலப வழி உண்டு. பலருக்கு இன்னும் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டியில் எலெக்ட்ரிக் ரயில் ஏறுங்கள். சென்ட்ரல் வரை போக வேண்டாம். விம்கோ நகரில் இறங்கி விடுங்கள். பக்கத்திலேயே மெட்ரோ நிலையம். 2021 பிப்ரவரியில் அந்தப் பாதை திறந்தது. அதே ரயில் நேரே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் கொண்டு போய் விடும். மாறவே வேண்டாம்! செங்குன்றம் நெரிசல் உங்களுக்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லாத விஷயம் ஆகிவிடும். செலவு வேன் வாடகையில் நூறில் சில பங்கு. ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் மெட்ரோ தூங்கப் போய்விடும். நாலு மணி துபாய் விமானத்துக்கு அது உதவாது.

சோழவரத்தில் விமானம் இறங்கிய காலம்

இதில் ஒரு வயிற்றெரிச்சல். கும்மிடிப்பூண்டி ரோட்டிலேயே ஒரு விமான ஓடுதளம் இருந்தது! சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்தில் போட்ட தளம். போர் முடிந்தது, விமானம் போயிற்று. அப்புறம் அந்தத் தளத்தில் கார் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடந்தன. அந்தக் காலத்து மெட்ராஸ் இளவட்டங்கள் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்று பார்த்தார்கள். 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை வந்தது. சோழவரத்தில் சத்தம் அடங்கியது.

அந்தப் பக்கம் அரக்கோணத்தில் இன்னொரு தளம். கடற்படையின் ராஜாளி. 1992 மார்ச் 11ந் தேதி ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். ராணுவ இடம், பொதுஜனம் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் 2015 டிசம்பரில் அதுவும் திறந்தது! அடையாறு பொங்கி மீனம்பாக்கத்துக்குள் வெள்ளம் நுழைந்தபோது விமான நிலையம் சில நாள் மூடிக் கிடந்தது. சென்னையில் சிக்கியவர்களை பஸ்ஸில் ஏற்றி அரக்கோணத்துக்குக் கொண்டு போய் அங்கிருந்து ஐதராபாத் முதலிய ஊர்களுக்கு விமானம் விட்டார்கள். திருவள்ளூருக்கு அரக்கோணம் ரயிலில் 27 கி.மீ.தான். மாநகரத்துக்காரர்கள் முட்டி அளவு தண்ணீரில் தவித்த அந்த நாட்களில், மாவட்டத்துக்காரர்களுக்கு விமானம் அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றது!

பரந்தூர் வந்தால் யாருக்கு லாபம்?

புது விமான நிலையங்களுக்கு மத்திய அரசு 2008ல் ஒரு கொள்கை போட்டது. இருக்கிற நிலையத்தில் இருந்து 150 கி.மீ.க்குள் இன்னொன்று வருவதென்றால் தனியாக ஆராய்ந்து அனுமதி கொடுக்க வேண்டும். அதிலும் பார்க்கிற தூரம் ஆகாயத் தூரம்தான், ரோட்டுத் தூரம் அல்ல! ஓசூர் விமான நிலையப் பேச்சு வரும்போதெல்லாம் பெங்களூர் ஒப்பந்தத்தில் உள்ள இதே 150 கி.மீ. விவகாரம் குறுக்கே வருகிறது. மீனம்பாக்கமும் ரேணிகுண்டாவும் 99 கி.மீ.யில் ஏற்கெனவே இருக்கிற பழைய கூட்டாளிகள். அவர்களை யாரும் கேட்க முடியாது.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இடம் தேடியபோது கடைசி வரைக்கும் ஓடிய பெயர் எது தெரியுமா? நம்ம திருவள்ளூர் மாவட்டத்துப் பன்னூர்! ஆனால் 2022 ஆகஸ்டில் காஞ்சிபுரம் பக்கத்துப் பரந்தூர் என்று அறிவித்தார்கள். ஏகனாபுரம் முதலிய கிராமத்து ஜனங்கள் அன்று முதல் நிலம் கொடுக்க மாட்டோம் என்று போராடி வருகிறார்கள். ஏரியும் வயலும் போகிற விஷயம், அது சின்ன விஷயமல்ல.

தூரத்தை மட்டும் பார்த்தால், பரந்தூர் திருவள்ளூருக்கு ஆகாயத்தில் 30 கி.மீ.க்குள். மீனம்பாக்கத்தைவிடக் கொஞ்சம் பக்கம். திருவள்ளூர்காரர் சந்தோஷப்படலாம். கும்மிடிப்பூண்டிக்கோ பரந்தூர் சுமார் 65 கி.மீ. ரேணிகுண்டா எவ்வளவு? 66! அதாவது தமிழ்நாட்டுப் புது விமான நிலையமும் ஆந்திரத்துப் பழைய விமான நிலையமும் கும்மிடிப்பூண்டிக்கு ஒரே தூரம்!

ஆகாயத்தில் சமம் என்றால் தரையில் எது ஜெயிக்கும்? அதை ரோடுதான் முடிவு செய்யும். எண்ணூரில் தொடங்கி தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் வரை போகிற சுற்றுச் சாலை போடப்பட்டு வருகிறது. அது முடிந்தால் கும்மிடிப்பூண்டி வண்டி தச்சூரில் திரும்பி, செங்குன்றத்தைப் பார்க்காமலே திருவள்ளூர் வழியாக இறங்கிவிடலாம். அதே தச்சூரில் இருந்து ஊத்துக்கோட்டை வழியாக சித்தூருக்கு ஆறு வழிச் சாலை என்று இன்னொரு திட்டம். முப்போகம் விளைகிற மண் போகிறதே என்று ஊத்துக்கோட்டை வட்டார விவசாயிகள் அதை எதிர்த்தார்கள். பிறகு திருப்பதிப் பக்கம் போகிற வண்டியும் தச்சூரில்தான் திரும்பும்.

மீனம்பாக்கத்துக்கு நேரே, பரந்தூருக்கு ஒரு பக்கம், ரேணிகுண்டாவுக்கு இன்னொரு பக்கம். மூன்று விமான நிலையத்துக்கும் பாதை பிரிகிற இடமாகத் தச்சூர் கூட்டு ரோடு ஆகப் போகிறது. அங்கே டீக்கடை வைத்திருப்பவர்கள் இப்போதே இன்னொரு பாய்லருக்குச் சொல்லி வைக்கலாம்.